மெத்தை புரட்டும் மாப்பிள்ளை

கோட்டக்குப்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பாண்டிச்சேரி. அங்கே தடுக்கி விழுந்தால் ஓட்டல். அப்படியிருக்க, முஸ்கான் தன் வாழ்நாளின் முதல் ஓட்டல் ரூமைப் பார்க்கத் திண்டிவனத்துக்குக் கிளம்பினாள் என்றால், அதற்குக் காரணம் புகுந்த வீட்டுச் சொந்தபந்தம்தான். பாண்டிச்சேரியில் எந்த ஓட்டலுக்குள் காலை வைத்தாலும் ரிசப்ஷனிலோ சமையல்கட்டிலோ ஒரு மச்சினனோ சாச்சா மகனோ நிற்பான். "இன்னா யாஹ்யா, வீட்ல எடம் இல்லியா?" என்று அவன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் ஊரே சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

வீட்டில் இடம் இல்லை என்பதுதான் உண்மையும். யாஹ்யா துபாயில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இது இரண்டாவது வெகேஷன். வெகேஷன் என்றால் கம்பெனி கொடுக்கிற லீவு. அந்த லீவில் ஊருக்கு வருகிற மாப்பிள்ளை பெண்டாட்டியைத் தவிர மற்ற எல்லாருக்கும் சொந்தம். காலையில் நாஷ்டா முடிவதற்குள் விசா கேட்டு ஒருத்தர் வருவார், அத்தர் கேட்டு இன்னொருத்தர் வருவார், சும்மா முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வருகிறவர் மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். மாமியார் ஆசியா பீவி மகனை ஹாலில் சோபா நடுவில் உட்காரவைத்து, துணிக்கடை வாசல் பொம்மை மாதிரி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருப்பாள். ராத்திரியிலாவது பேசலாம் என்றால் இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது அட்டைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஒரு தும்மல் போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து ஆசியா பீவி "அல்ஹம்துலில்லாஹ் சொல்லு" என்பாள்.

"மச்சான், ஒரே ஒரு நாளு. செஞ்சிக் கோட்ட பாக்கப் போறோம்னு சொல்லிட்டு ரூம் போட்டுத் தங்கலாம்" என்று முஸ்கான் காதோடு காதாகக் கேட்டபோது, யாஹ்யா மறுபேச்சே பேசவில்லை. மாமியார்தான் மடக்கினாள்.

"கோட்டயப் பாத்துட்டு பொழுதோட வூடு வந்து சேர வேண்டியதுதானே? தங்குறதுக்கு இன்னா இருக்குது?"

"மலை ஏறி எறங்கினா முட்டி புடிச்சிக்கும்மா. அப்புறம் எப்பிடி பைக் ஓட்டறது?" என்றான் யாஹ்யா. துபாயில் மாடி மாடியாக ஏறி ஏசி மாட்டுகிறவனுக்கு முட்டி பிடித்துக்கொள்ளுமாம். முஸ்கான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது அவள் தோள்பையின் அடியில், கைக்குட்டையில் சுற்றி இருந்தது. புத்தம்புது பாஸ்போர்ட். யாஹ்யா ஊரில் இல்லாதபோது அம்மா வீட்டுக்குப் போன சாக்கில் தம்பியைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போய் எழுதிக்கொடுத்து வாங்கியது. ஓட்டலில், ஏசிக் குளிரில், யாரும் ஒட்டுக்கேட்காத ஒரு அறையில் உட்கார்ந்து அதை அவன் கையில் வைக்க வேண்டும். "என்னையும் கூட்டிக்கினு போங்க" என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் அவன் காட்டுகிற ரூம் அவளுக்கு அத்துப்படி. நீல நிறச் சுவர், பூப்போட்ட திரை, ஜன்னலோரம் ஒரு மேஜை. அந்த மேஜையை எந்தப் பக்கம் தள்ளினால் அடுப்பு வைக்கலாம் என்பது வரைக்கும் அவள் மனதில் குடித்தனம் பண்ணி முடித்திருந்தாள். "அந்த ரூம் நம்ம ரெண்டு பேத்துக்குப் போதும்ல?" என்று ஒருமுறை கேட்டதற்கு அவன் சிரித்தான். சிரித்தால் சரி என்றுதானே அர்த்தம்? அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

பைக் கிளியனூர் தாண்டியதும் காற்று புர்க்காவைப் பிடித்து இழுத்தது. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லையில் பெண்கள் நிலக்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். முஸ்கான் யாரென்றே தெரியாத அவர்களுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டு போனாள். ஒன்றிரண்டு பேர் பதிலுக்கு ஆட்டினார்கள்.

திண்டிவனத்தில் ராஜாமணி ரெசிடென்சி என்று ஒரு லாட்ஜ். மேனேஜர் சுப்பராயலு நெற்றி நிறைய விபூதியோடு சாவியை நீட்டி, "பேமிலிங்க மட்டுந்தான் பாய் நம்மகிட்ட. நீட்டா இருக்கும்" என்றார். ரூம் கதவைத் திறந்ததும் முஸ்கானுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளை வெளேரென்று விரிப்பு, மடித்து வைத்த இரண்டு துண்டு, கைக்குள் அடங்குகிற சின்னச் சோப்பு, பிளாஸ்டிக் உறை போட்ட ரிமோட். கதவைச் சாத்தினால் உலகத்தில் யாரும் இல்லை! அவள் செருப்பை உதறிவிட்டுக் கட்டிலைப் பார்த்து ஓடினாள்.

"ஒக்காராத!"

கட்டிலுக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டாள். யாஹ்யா அவளிடம் குரலை உயர்த்தி அவள் அதுவரை கேட்டதில்லை. அவன் அவள் தோளிலிருந்த பையை வாங்கினான், தன் பையையும் எடுத்தான், இரண்டையும் கொண்டுபோய்ப் பாத்ரூமில் ஈரமில்லாத டைல்ஸ் மேல் வைத்தான். போயும் போயும் பாஸ்போர்ட்டைக் கக்கூஸிலா வைக்க வேண்டும் என்று அவளுக்குச் சுருக்கென்றது. சொல்ல முடியுமா?

"இன்னா மச்சான் இது?"

"பைய கட்டில்லயும் வெக்கக் கூடாது, அலமாரியிலயும் வெக்கக் கூடாது. இந்த டைல்ஸு வழவழன்னு இருக்கும், அதுங்க ஏறாது."

"எதுங்க?"

"மூட்டப்பூச்சிங்க."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. போனமாசம் ஊரில் வந்து இறங்கிய அன்றைக்கும் இப்படித்தான். பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவரவே விடவில்லை. கருப்பு பிளாஸ்டிக் கவரில் கட்டி, மொட்டைமாடி வெயிலில் போட்டுவிட்டு, துணியையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னான். பெட்டி திறக்கிறதைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களெல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். "துபாய் சுத்தம்னா சும்மாவா" என்று ஆசியா பீவிதான் தெருவெல்லாம் பெருமை பேசினாள். துபாய் சுத்தம் தனக்காக இப்போது திண்டிவனம் வரைக்கும் வந்திருக்கிறதே என்று முஸ்கானுக்குப் பூரிப்பாக இருந்தது. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறான்!

யாஹ்யா திரையை இழுத்து மூடினான், லைட்டை அணைத்தான், செல்போன் டார்ச்சைப் போட்டான். விரிப்பை ஒரு மூலையிலிருந்து உரித்து, மெத்தையின் தையல் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தான். தலைமாட்டுப் பலகையைச் சுவரைவிட்டுத் தள்ளினான். பிறகு மெத்தையில் மூக்கை வைத்தான்.

"மச்சான், மோந்தா பாக்கறீங்க?"

"நெறைய இருந்துச்சின்னா ஒரு வாட வரும். கொத்தமல்லி அழுகினாப்பல." டார்ச் ஒரு இடத்தில் நின்றது. "இங்க வா, பாரு. அதுங்களோட எச்சம்."

தையலோரம் பேனா மையால் புள்ளி புள்ளியாகக் குத்தியது போல இருந்தது. முஸ்கான் வாயைப் பிளந்தாள். பயத்தைவிட அவளுக்குச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரனா நம்ம ஆளு?

கூப்பிட்டதும் சுப்பராயலு மேலே வந்தார். வரும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார்.

"பாய், ரூமுக்கு ரூம் மருந்து அடிச்சி வெச்சிருக்கறோம். கொசு கிசு கடிச்சிருக்கும், நீங்க அத்த மூட்டப்பூச்சின்றீங்க."

"இன்னும் ஒண்ணும் கடிக்கவே இல்லீங்க. நாங்க வந்து கால்மணி நேரங்கூட ஆவல."

"கடிக்காததுக்கா இம்மாம் பேஜாரு?"

யாஹ்யா பர்ஸிலிருந்து ஏடிஎம் கார்டை உருவினான். தலைமாட்டுப் பலகையும் கட்டில் சட்டமும் சேர்கிற இடுக்கில் அதை நுழைத்து மெதுவாக இழுத்தான். பருப்பு அளவுக்கு ஒன்று பொத்தென்று வெள்ளை விரிப்பில் விழுந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. வெளிச்சம் பட்டதும் அவை ஓடின ஓட்டத்தில் சுப்பராயலு வேட்டியைத் தூக்கிக்கொண்டு கதவு வரைக்கும் போய்விட்டார்.

"அடேங்கப்பா! பாய், நீங்க இன்னா, பூச்சி மருந்தடிக்கிற கம்பெனியா?"

பாராட்டு என்றால் யாருக்குத்தான் நெஞ்சு விரியாது? யாஹ்யாவுக்கும் விரிந்தது. கார்டைத் துடைத்தபடி, கடகடவென்று பேசத் தொடங்கினான்.

"கம்பெனியா? துபாய் லேபர் கேம்ப்ல பன்னெண்டு பேருங்க ஒரே ரூம்ல. அடுக்குக் கட்டிலு, நான் கீழ. லைட்ட அணைச்சா மேல்கட்டில்லருந்து பொத்து பொத்துன்னு வுழும். கட்டில் காலெல்லாம் டப்பாவுல தண்ணி ஊத்தி அதுலதான் நிக்கும், அப்பவும் செவுரு வழியா வந்துரும். ஆறு வருஷமா இதுங்களோடதான் குடும்பம் நடத்திக்கினு இருக்கறேன், எங்கிட்டயே கொசுன்றீங்களே!"

சொல்லி முடித்துச் சிரித்தபடியே திரும்பினான். பாத்ரூம் வாசலில் முஸ்கான் தோள்பையை மாட்டிக்கொண்டு நின்றாள். அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

சுப்பராயலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு ரூம் தருகிறேன், ஜல்தியாக மெத்தையை மாற்றுகிறேன் என்று ஏதேதோ சொன்னார். யாஹ்யா காதில் எதுவும் விழவில்லை. வீட்டுக்குத் திரும்பலாம் என்று அவள் சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்து நின்றான்.

"விழுப்புரம் போலாம்" என்றாள் முஸ்கான். "அங்க நெறைய ஓட்டல் இருக்குது."

விக்கிரவாண்டி வரைக்கும் அவள் உள்ளுக்குள் மட்டும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். கோபம் என்றால் கொஞ்சநஞ்சக் கோபம் இல்லை. பன்னெண்டு பேர்! கீழ்க் கட்டில்! அப்படியானால் அந்த நீலச் சுவர்? அவள் மனதுக்குள் நகர்த்தி நகர்த்தி வைத்த மேஜை? எந்த வீட்டில் அவள் இத்தனை நாள் குடித்தனம் பண்ணினாள்? முண்டியம்பாக்கத்தில் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே அவித்த மல்லாட்டை வண்டி ஒன்று நின்றது. அவள் அவன் முதுகைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பைக் பக்கத்தில் நிழலில் நின்றார்கள்.

"அந்த நீலச் செவுரு யாருது?"

யாஹ்யா கீழே பார்த்தான். "சூப்பர்வைசர் தேவசகாயம் அண்ணனுது. அங்க வெள்ளிக்கிழம லீவு, அவரு சர்ச்சுக்குப் போவாரு. போறப்ப சாவியக் குடுத்துட்டுப் போவாரு."

"அதான் வெள்ளிக்கிழம மட்டும் வீடியோவா? மத்த நாள்ல நெட்டு சரியில்லன்னீங்களே!"

"கட்டில்ல படுத்துக்கினுதானே பேசுவேன். வீடியோ போட்டா மேல்கட்டில்காரன் காலு தெரியும்."

முஸ்கானுக்குப் பொசுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. எவனோ ஒருத்தனுடைய காலுக்குப் பயந்து இத்தனை நாள் நெட்டைக் குறை சொல்லியிருக்கிறான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்தது நிற்கவில்லை.

"எங்கிட்ட கூடவா மறைக்கணும்?"

"ரூம்ல இருக்கற பன்னெண்டு பேருமே வூட்டுக்கு அப்பிடித்தான் சொல்லிக்கினு இருக்கறோம். அத்தா இல்லாத வூடு, அம்மா எம்மேல எவ்ளோ பெருமையா இருக்கறாங்க. உங்க வூட்லயும் துபாய் மாப்பிள்ளன்னுதானே உன்னக் குடுத்தாங்க? பூச்சி கடிக்குதுன்னு எப்பிடிச் சொல்றது முஸ்கான்?"

அவள் பையைத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்து, பாஸ்போர்ட்டை அவன் கையில் வைத்தாள். ஏசிக் குளிரில் கொடுக்க நினைத்ததைப் புழுதிக்கும் லாரி ஹாரனுக்கும் நடுவில் கொடுக்கும்படி ஆயிற்று. யாஹ்யா அவள் போட்டோவை வெகுநேரம் பார்த்தான்.

"எதுக்கு எடுத்த?"

"கோட்ட பாக்கறதுக்கா எடுப்பாங்க? உங்ககூட இருக்கறதுக்கு."

"அங்க உன்னக் கூட்டிக்கினு போயி எங்க வெப்பேன்?" அவன் உரித்த மல்லாட்டை கையிலேயே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

விழுப்புரத்தில் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல். ரிசப்ஷனில் சித்ரா என்று சட்டையில் பேர் குத்திய பெண். யாஹ்யா பேச வாயெடுப்பதற்குள் முஸ்கான் முன்னால் போனாள்.

"ரூமப் பாத்துட்டுத்தாங்க்கா சொல்லுவோம்."

"தாராளமாப் பாருங்க."

இந்தத் தடவை அவள்தான் எல்லாம் செய்தாள். பைகளை அவளே பாத்ரூமில் வைத்தாள். திரையை இழுத்தாள், "லைட்ட அணைங்க மச்சான்" என்று உத்தரவு போட்டாள், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தையல் தையலாக நகர்ந்தாள். தலைமாட்டுப் பலகையைத் தள்ளும்போது மட்டும் அவன் கை கொடுத்தான். கார்டை இடுக்கில் விட்டு இழுத்தாள், தூசிகூட வரவில்லை. கடைசியில் மூக்கை மெத்தையில் அழுத்தி நீளமாக மோந்தாள். சோப்பு வாசனை. அவளுக்குப் போன உற்சாகமெல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்தது.

"ஒண்ணுமில்ல மச்சான்! ஒண்ணுகூட இல்ல!" என்று கத்திக்கொண்டே கட்டிலில் விழுந்தாள். மெத்தை தூக்கிப் போட்டது. இன்னொருமுறை எழுந்து விழுந்தாள். "நீங்களும் வாங்க. கொஞ்ச நேரம் படுத்துட்டுக் கோட்டைக்குப் போலாம்."

யாஹ்யா படுத்தான். அவ்வளவு பெரிய கட்டிலில் ஓரமாக, ஒருக்களித்து, முட்டியை மடக்கி, கையிரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுத்தான். வீட்டிலும் அவன் இப்படித்தான் படுப்பான். குளிர் தாங்காது போலிருக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். அது குளிர் இல்லை, ஆறு வருஷமாக அவனுக்குக் கிடைத்த இடமே அவ்வளவுதான் என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கைய கால நீட்டிப் படுங்க. கட்டிலு முழுக்க நம்முளுதுதான்."

அவன் வெட்கத்தோடு காலை நீட்டினான். பிறகு கையை விரித்தான். "நம்ம கூட்டாளி ஜெகபர் அலி நேத்துகூட கேட்டான், பாண்டில ஏசி சர்வீஸ் கட போடலாம் வாடான்னு. வெய்யில் காலத்துல வேல தலைக்கு மேல இருக்குமாம். அம்மாதான் அவன வாசல்லயே தொரத்தி..." என்று சொல்லிக்கொண்டிருந்தவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. தூங்கிப்போயிருந்தான்.

முஸ்கான் எழுப்பலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று புதுச் செருப்பு வாங்கியிருந்தாள். மலை உச்சியில் நின்று எடுக்கப்போகிற போட்டோவுக்கு என்ன எழுதிப் போடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். ஆனால் அவன் தூங்குகிற தூக்கத்தைப் பார்க்க அதைவிட நன்றாக இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. முழங்கைக்கு மேல் பழைய தடிப்புகள், கருத்துப்போன புள்ளிகள். ஏசி வேலையில் கம்பி கிழித்தது என்று போன வெகேஷனில் சொன்னவை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீதி மல்லாட்டையை உரித்துத் தின்றாள், டிவியைச் சத்தமில்லாமல் பார்த்தாள்.

நடுவில் ஆசியா பீவி போன் செய்தாள். முஸ்கான் போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

"கோட்ட பாத்தாச்சா?"

"பாத்துக்கினே இருக்கறோம் மாமி. ரொம்பப் பெருசு."

"இன்னா, கெணத்துக்குள்ளருந்து பேசற மாதிரி கேக்குது?"

"கொகை மாமி. கோட்டயில ஒரு கொகை."

"சரி சரி, காலையில நேரத்தோட வந்து சேருங்க. வர்ற வெள்ளிக்கிழம அவனுக்குப் பயணம், பெட்டி கட்டணும். ஊறுகா போட்டு வெச்சிருக்கேன்."

முஸ்கான் போனை வைத்தாள். வர்ற வெள்ளிக்கிழமை. மறுபடியும் நீலச் சுவர், மறுபடியும் கீழ்க் கட்டில். அவள் திரும்பி வந்து அவனைப் பார்த்தாள். கட்டிலை முழுக்க நிறைத்துக்கொண்டு படுத்திருந்தான். இவனைத் திரும்ப அந்த இடத்துக்குள் மடக்கி வைக்க அவளால் முடியாது. அவ்வளவுதான், முடியாது.

மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்கிற நேரத்தில் யாஹ்யா திடுக்கிட்டு விழித்தான். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது.

"அய்யோ! எழுப்பக் கூடாதா? நீ ஆசப்பட்டு வந்த..."

"போவாதீங்க மச்சான்" என்றாள் அவள்.

"கோட்டைக்கா? இப்ப மூடியிருப்பாங்களே."

"துபாய்க்கு."

இதற்கு அவனிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். இன்னும் ரெண்டே ரெண்டு வருஷம். கோட்டக்குப்பத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் அதே பதில்தான். அது வரும் என்று முஸ்கான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தால் சண்டை போடத் தயாராக இருந்தாள். அழவும் தயாராக இருந்தாள். யாஹ்யா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நீட்டிய காலை மடக்கவில்லை.

"அம்மாகிட்ட யாரு சொல்றது?" என்றான்.

"நான் சொல்றேன்!"

முஸ்கான் கட்டில் மேலேயே எழுந்து நின்றுவிட்டாள். சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆனாலும் போனை எடுத்து மாமியார் நம்பரை அழுத்தினாள். "இப்பவேவா?" என்று யாஹ்யா பதறி எழுந்து உட்கார்வதற்குள் ரிங் போகத் தொடங்கியிருந்தது.